ஆரோக்கியம் இருக்கும்போதே...

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால். புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



இரண்டு நிஃமத்துகள் விஷயத்தில் மனிதர்களில் அதிகமானோர் நஷ்டப்பட்டுப் போகிறார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். ஒன்று ஆரோக்கியம், மற்றொன்று ஓய்வு நேரம். புகாரியில் வரும் இந்த ஹதீஸை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். இன்று அதை விளங்கிக்கொள்ள ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். ஸ்டீபன் ஹாக்கிங்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் இறைவனை ஏற்காதவர், மறுமையை நம்பாதவர். மிம்பரில் இவர் பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். அவருடைய கொள்கை நமக்கு வேண்டாம். தனக்குக் கிடைத்த அறிவையும் நேரத்தையும் அந்த மனிதர் என்ன செய்தார் என்பதை மட்டும் பார்ப்போம்.

1942ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். அங்கேயே பட்டப்படிப்பும் படித்தார். அந்தக் காலத்தில் அவர் பெரிய உழைப்பாளி இல்லை. மூன்று ஆண்டுகளில் தான் படித்தது ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம்தான், நாளைக்கு ஒரு மணி நேரம் என்று அவரே பின்னாளில் கணக்குச் சொன்னார். நல்ல உடல், நல்ல மூளை, கை நிறைய நேரம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலரைப் போலத்தான்.

1963ல், 21 வயதில், நோய் தெரிய வந்தது. தசைகளை இயக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் நோய். மருத்துவர்கள் கொடுத்த கெடு சுமார் இரண்டு வருடம். பரிசோதனைக்காக மருத்துவமனையில் இருந்தபோது எதிர்ப் படுக்கையில் இருந்த ஒரு சிறுவன் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனதைப் பார்த்தார். தன் நிலை நினைத்து மனம் உடையும் போதெல்லாம் அந்தச் சிறுவனை நினைத்துக்கொண்டதாகச் சொல்கிறார். உலக விஷயத்தில் நமக்குக் கீழே உள்ளவர்களைப் பாருங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த பாடம் நம்மிடம் இருக்கிறது. நாமோ எப்போதும் மேலே உள்ளவனையே பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம்!

அதன் பிறகு என்ன நடந்தது? திருமணம் பேசி முடிவானது. குடும்பம் நடத்த வேலை வேண்டும், வேலைக்கு ஆய்வுப் பட்டம் வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்போதுதான் உழைக்க ஆரம்பித்தார். கவனியுங்கள் சகோதரர்களே! உடல் நன்றாக இருந்தபோது உழைக்கவில்லை. கால் தடுமாற ஆரம்பித்த பிறகு உழைத்தார்.

கை எழுத மறுத்தது. நீண்ட கணக்குகளைத் தாளில் போட முடியாது. அதனால் வடிவங்களாக மனதுக்குள்ளேயே சிந்திக்கப் பழகினார். 1970ல் ஓர் இரவு. படுக்கைக்குப் போகத் தயாராவதே அவருக்கு நெடுநேரம் பிடிக்கும் வேலை. அந்த நேரத்தில் கருந்துளையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். அதன் எல்லைப் பரப்பு ஒருபோதும் குறையாது என்ற முடிவு அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. நாம் ஒரு நிமிடத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மீதி நேரமெல்லாம் செல்போனில் விரலைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். 1974ல், கருந்துளையிலிருந்தும் கதிர்வீச்சு வெளிவரும் என்று எழுதினார். 1979ல், ஒரு காலத்தில் நியூட்டன் வகித்த பேராசிரியர் பதவி கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்தது.

1985ல் ஜெனீவா போன இடத்தில் கடுமையான நிமோனியா. செயற்கை சுவாசத்தை நிறுத்திவிடலாமா என்று மருத்துவர்கள் மனைவியிடம் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். உயிர் தங்கியது, தொண்டையில் துளையிட்டதால் குரல் போனது. யாராவது எழுத்து அட்டையைக் காட்டுவார்கள். சரியான எழுத்து வரும்போது புருவத்தை உயர்த்துவார். ஒவ்வொரு எழுத்தாக. பிறகு கணினி வந்தது. கை விரலும் ஓய்ந்த பிறகு கன்னத் தசையின் சிறு அசைவைக் கண்ணாடியில் பொருத்திய கருவி படித்தது. கடைசிக் காலத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடம்கூட ஆனது. நமக்கு நாவு இருக்கிறது, ஒரு நிமிடத்தில் எத்தனை புறம் பேசிவிடுகிறோம்!

மன உறுதியால் அவர் நோயை வென்றார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அவருக்கு நோய் மெதுவாக முற்றியது. அதே உறுதியோடு இருந்தும் இரண்டு, மூன்று வருடங்களில் இறந்தவர்கள் ஏராளம். அஜல் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. 2018 மார்ச் 14ல், 76 வயதில், அவருடைய தவணை முடிந்தது. அதை நீட்டவும் குறைக்கவும் யாராலும் முடியாது. அதற்குள் என்ன செய்கிறோம் என்பதுதான் நம்மிடம் கேட்கப்படும்.

இன்னொன்றையும் பாருங்கள். அவர் தனியாக எதையும் சாதிக்கவில்லை. மனைவி, செவிலியர்கள், மாணவர்கள், கணினியைச் சக்கர நாற்காலியில் பொருத்திக் கொடுத்தவர் என்று ஒரு கூட்டமே சுற்றி நின்றது.

நம் மார்க்கத்தில் இதற்கு முன்மாதிரி இல்லையா? கண் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்காக அபஸ அத்தியாயத்தின் வசனங்கள் இறங்கின. அவர்களை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக வைத்தார்கள். பயணம் போகும்போது மதீனாவில் தம் பிரதிநிதியாகவும் நியமித்தார்கள். பரிதாபப்பட்டு ஓரமாக உட்கார வைக்கவில்லை, பொறுப்பைக் கொடுத்தார்கள்.

நம் முஹல்லாவில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவர் இருக்கிறார். நாற்பது வருடம் முன் சஃப்பில் நின்றவர். போய்ப் பார்த்தபோது, "ஹஜ்ரத், பள்ளிக்கு வர மனசு இருக்கு, அந்தப் படிதான் விடமாட்டேங்குது" என்றார். எனக்குத் தலை குனிந்துவிட்டது. ஒளு செய்யும் இடத்திற்கு ஐந்து படி, உள்ளே வர மூன்று படி. பளிங்குக்கல் பதித்தோம், ஏசி போட்டோம். சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் கட்ட இத்தனை வருடமாக நம் யாருக்கும் தோன்றவில்லை.

நிர்வாகிகளும் வாலிபர்களும் தொழுகை முடிந்ததும் அந்தப் படியருகே கொஞ்சம் நில்லுங்கள், பேசி முடிவெடுப்போம். யா அல்லாஹ்! அந்தப் பெரியவருக்கு ஷிஃபாவைக் கொடு. அவரை மீண்டும் இந்தப் பள்ளியின் சஃப்பில் எங்களோடு உட்கார வைப்பாயாக! ஆமீன்.