ஓட்டை விழுந்த காசு

ஒருவன் எதற்கும் உதவாதவன் என்று சொல்ல நம்மிடம் இருக்கும் சொல் 'செல்லாக்காசு'. காசுக்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் வினையே செல்வதுதான். இந்த நோட்டு செல்லுமா, அந்தப் பத்து ரூபாய் காயின் செல்லுமா என்று கேட்கிறோம். செல்வது என்றால் போவது. பால்காரர் கையிலிருந்து கண்டக்டர் பைக்கு, அங்கிருந்து டீக்கடைக் கல்லாவுக்கு. எங்கோ ஒரு கையில் நின்றுபோனால் அதன் உயிர் போய்விட்டது என்று அர்த்தம்.

நாணயம் சேகரிப்பவர்களின் உலகத்தில் இது தலைகீழ். அங்கே ஒரு காசுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு 'அன்சர்குலேட்டட்'. சுருக்கமாக யுஎன்சி. அச்சகத்தை விட்டு வந்து எங்கேயும் செல்லாத காசு. செல்லாக்காசு என்ற வசவையே பட்டமாகச் சூட்டியிருக்கிறார்கள். சில வருடங்களாக நானும் இந்த உலகத்தில் அரைகுறையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அங்கே எதைக் கொண்டாடுகிறார்கள் என்பதைவிட எதைத் தொட மறுக்கிறார்கள் என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

தொட மறுப்பவற்றின் பட்டியல் ஏறத்தாழ எல்லா ஊரிலும் ஒன்றுதான். துளை போட்ட காசு, மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த காசு, யாரோ பெயரைக் கீறிய காசு, வளைந்தது, முகம் தெரியாமல் தேய்ந்தது, தேய்த்துக் கழுவிப் பளபளவென்று ஆக்கியது. அமெரிக்காவில் 1986இல் பிசிஜிஎஸ், அடுத்த வருடம் என்ஜிசி என்று தரம் பிரிக்கும் நிறுவனங்கள் வந்தன. காசை அனுப்பினால் அதை ஆராய்ந்து எண் கொடுத்து, பிளாஸ்டிக் பேழையில் அடைத்து அனுப்புவார்கள். மேலே சொன்னவற்றில் வெறுமனே தேய்ந்ததைத் தவிர மற்ற வகைக் காசு போனால் எண் கிடைக்காது. முன்பெல்லாம் பேழையே கிடையாது, சாதாரண பிளாஸ்டிக் உறையில் போட்டுத் திருப்பிவிடுவார்கள். அந்த உறைக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் 'பாடி பேக்', பிணப்பை. இப்போது கொஞ்சம் இரக்கம் வந்து, 'டீட்டெய்ல்ஸ்' என்று எழுதி, கூடவே குற்றத்தையும் எழுதிப் பேழையில் போட்டுத் தருகிறார்கள். துளையிடப்பட்டது. கழுவப்பட்டது. சேதமானது.

சேகரிப்பவர்கள் ரசனையில்லாதவர்கள், பணத்தாசை பிடித்தவர்கள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அது நியாயமில்லை. அவர்கள் பக்கத்தில் வலுவான காரணங்கள் இருக்கின்றன. துளை விழுந்த இடத்தில் ஓர் எழுத்து இருந்திருக்கும், வருடத்தின் ஓர் இலக்கம் இருந்திருக்கும். அது போனது போனதுதான். துளைக்கு நல்ல விலை என்று நாளைக்கு ஒரு நிலை வந்தால், மறுநாளே டிரில் மிஷினோடு ஆள் உட்கார்ந்துவிடுவான். துளையை அடைத்து, எழுத்தை மறுபடி செதுக்கி, நல்ல காசு என்று விற்கும் மோசடி இப்போதே நடக்கிறது. அந்த அருவருப்பு ஒரு காவலும்கூட.

கழுவுவது விஷயத்தில் நான் முழுக்க அவர்கள் கட்சி. நம் வீடுகளில் பழைய செப்புக்காசு கிடைத்தால் முதலில் நடப்பது புளி போட்டுத் தேய்ப்பதுதான். பூஜைப் பாத்திரத்துக்குச் செய்வதையே காசுக்கும் செய்கிறோம், பிரியத்தில்தான் செய்கிறோம். ஆனால் செம்பின் மேல் நூறு வருடமாகப் படிந்த பழுப்பு ஐந்து நிமிடத்தில் போய்விடும். பழைய காசு புதுசு மாதிரி நடிக்கத் தொடங்கும். சேகரிப்பாளர் அதைப் பார்த்து முகம் சுளிப்பது, காலத்தின் மேல் அவருக்கு இருக்கும் மரியாதையால்.

சரி, காலத்தின் மேல் இத்தனை மரியாதை வைத்திருப்பவர் மனிதர்கள் மேல் ஏன் வைக்கவில்லை? என் சந்தேகம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பெட்டிக்குள் கிடந்து காற்று பட்டு நிறம் மாறிய வெள்ளிக்காசுக்கு 'டோனிங்' என்று பெயர், அது அழகாக அமைந்தால் விலை ஏறும். அதே காசு ஒருவர் இடுப்பு மடிப்பில் இருபது வருடம் கிடந்து மழுங்கியிருந்தால் விலை இறங்கும். அவரே அதைத் துளைத்துக் குழந்தை கழுத்தில் கட்டியிருந்தால் விலையே இல்லை. மாற்றம் என்று பார்த்தால் மூன்றும் மாற்றம்தான். காற்று செய்தால் அது அழகு, கை செய்தால் பழுது.

துளையே பிரச்சினை என்றும் சொல்ல முடியாது. ஓட்டைக் காலணாவைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க, 1943இலிருந்து 1947 வரை பிரிட்டிஷ் இந்திய அரசு நடுவில் பெரிய ஓட்டையோடு அடித்த வெண்கலக் காசு. அதை யாரும் சேதம் என்று சொல்வதில்லை, வருடவாரியாக, அச்சகவாரியாகச் சேகரிக்கிறார்கள். ஆக, அரசாங்கம் போட்ட ஓட்டை வடிவமைப்பு. ஊரில் ஓர் ஆசாரி போட்டுக் கொடுத்த ஓட்டை சேதம். உலோகத்தில் பார்த்தால் இரண்டும் வெற்றிடம்தான். யார் போட்டது என்பதில்தான் மதிப்பு இருக்கிறது.

இதற்கு நேர் எதிர்முனையில் இன்னொரு வகைக் காசும் பலருக்குப் பிடிக்காது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி, 2010 என்று வருடம் போட்டு இந்திய அரசு ஒரு ஆயிரம் ரூபாய் வெள்ளி நாணயம் வெளியிட்டது. அதைக் கொண்டுபோய் யாரும் மளிகை வாங்கியதில்லை. முக மதிப்பைவிட அதிக விலைக்கு, பெட்டியோடு விற்கப்பட்டது. இந்த வகையைப் பழுத்த சேகரிப்பாளர்கள் பலர் ஒதுக்குகிறார்கள். இது காசே இல்லை சார், மெடல், புழங்குவதற்காக அடிக்காத ஒன்றைக் காசு என்று எப்படிச் சொல்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதே ஆள் தன் ஆல்பத்தைப் பிரித்தால் உள்ளே இருப்பதெல்லாம் புழங்காத காசு. புழங்குவதற்காகப் பிறந்திருக்க வேண்டும், ஆனால் புழங்கியிருக்கக் கூடாது. நம் ஊர் வரன் விளம்பரங்களில் இதே தொனியில் சில நிபந்தனைகள் படித்த ஞாபகம். அதற்குள் போகவில்லை, நீளும்.

ராஜராஜன் காலத்துச் செப்புக்காசு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், நாகரி எழுத்தில் மன்னன் பெயர். மிக மலிவானது, அந்தக் கோயில் நாணயத்தின் விலையில் ஒரு சின்னப் பங்குகூட வராது. எழுத்தில் பாதி தேய்ந்துவிட்டது. அந்தக் கோயில் எழுந்த காலத்தில் இந்த மாதிரிக் காசுகள் சந்தையில் எதையாவது வாங்கிக்கொண்டிருந்தன. ராஜராஜனுடைய பொருளாதாரம் இதில் இருக்கிறது, அதில் கோபுரத்தின் படம் இருக்கிறது.

இந்தத் தர எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோதுதான் வில்லியம் ஷெல்டன் கிடைத்தார். அமெரிக்கப் பழைய செப்பு சென்ட்டுகளைப் பற்றி 1949இல் ஒரு புத்தகம் எழுதியவர். 1 முதல் 70 வரை மதிப்பெண் போடும் முறை அவருடையது. அடையாளம் தெரியும் அளவுக்கு மட்டும் மிஞ்சிய காசு 1, அச்சகத்திலிருந்து அப்படியே வந்தது 70. இன்றைக்கும் உலகம் முழுக்க இந்த எழுபதுதான். ஆனால் அவருடைய முக்கியத் தொழில் உளவியல். மனித உடல்களை மூன்று வகைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை எண் போட்டு, அந்த எண்ணிலிருந்து ஒருவரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பியவர். இதற்காக அமெரிக்காவின் பெரிய கல்லூரிகளில் மாணவர்களை நிர்வாணமாக நிறுத்தி எடுத்த படங்கள் பயன்பட்டன. அந்த உடல் அறிவியலை இன்று யாரும் மதிப்பதில்லை. காசுக்குப் போட்ட எண் மட்டும் தப்பித்துவிட்டது.

கதையின் மீதியும் சுவாரசியமானது. ஷெல்டன் 1977இல் இறந்தார். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்து நல்ல தரக் காசுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் இடத்தில் தன்னுடைய தரம் குறைந்தவற்றை வைத்திருந்தார் என்பது பின்னால் தெரியவந்தது. கைமாறிப்போன அந்தக் காசுகளுக்காகக் கழகம் கலிஃபோர்னியாவில் வழக்காடியது. அளவுகோல் செய்தவர் திருடினார், அதனால் அளவுகோல் தப்பு என்று நான் வாதிடவில்லை. அது மட்டமான வாதம். ஆனால் அந்த எழுபது எதை அளக்கிறது என்று பாருங்கள். பிறந்த நொடியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும். இந்த முறையில் ஒரு காசால் மதிப்பெண் சம்பாதிக்கவே முடியாது, இழக்க மட்டும்தான் முடியும். பிறகு என்ன ஆனாலும் அது கழித்தல்.

என் வேலையில் இதற்கு நேர்மாறான பழக்கம் ஒன்று உண்டு. பத்து வருடப் பழைய புரோகிராமைத் திறந்தால் அங்கங்கே அசிங்கமான ஒட்டுகள் இருக்கும், இந்தத் தேதியாக இருந்தால் இப்படிச் செய், இந்தக் கிளையாக இருந்தால் அதைத் தவிர் என்று. புதிதாக வரும் பையன்களுக்கு அதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு எழுதத் தோன்றும். கொஞ்ச நாள் போனவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு ஒட்டுக்குப் பின்னாலும் ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ ஒருவர் போன் பண்ணியிருக்கிறார். பாடமாக இல்லை, பயத்தினாலாவது அதைத் தொடாமல் விடுகிறோம்.

மனிதர் கை பட்ட காசு எவ்வளவு தூரம் பேசும் என்பதற்கு லண்டனில் சாட்சி இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில், வளர்க்க வழியில்லாத தாய்மார்கள் ஃபவுண்ட்லிங் மருத்துவமனை என்ற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளையை விட்டுப் போகும்போது ஓர் அடையாளத்தையும் விட்டுப் போனார்கள். திரும்பி வந்தால் எந்தப் பிள்ளை என்று காட்டுவதற்கு. துணித்துண்டு, பொத்தான், பல சமயம் காசு. ஒரு பக்கத்தை ராவி எழுத்தைக் கீறிய காசு, துளைத்த காசு. பெரும்பாலான பிள்ளைகளை யாரும் திரும்பி வந்து வாங்கவில்லை. அந்தக் காசுகள் இப்போது அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்படக் காத்திருந்த கைதிகள் செப்புப் பென்னியைத் தேய்த்துச் சமமாக்கி அதில் காதலிக்கும் அம்மாவுக்கும் சேதி செதுக்கினார்கள். ஏழாம் எட்வர்ட் முகத்தின் மேலேயே 'பெண்களுக்கு வாக்கு' என்று ஆங்கிலத்தில் குத்திய 1903ஆம் வருடப் பென்னி ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அரசன் தலையைச் சிதைப்பது குற்றமாக இருந்த காலம் அது.

ஆனால் இவையெல்லாம் எளிய உதாரணங்கள் என்று எனக்கே தெரிகிறது. எழுத்து இருக்கிறது, கதை இருக்கிறது, அதனால் இவற்றுக்குத் தனிச் சந்தையே வந்துவிட்டது. கஷ்டமான கேள்வி, எழுத்தே இல்லாத துளையைப் பற்றியது. யாருடையது என்று தெரியாது, எந்த ஊர் என்று தெரியாது. ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அதற்கு என்ன மரியாதை?

மதுரையில் நான் அவ்வப்போது போகும் ஒரு பழைய காசுக் கடையில் பிஸ்கட் டின் ஒன்று இருக்கும். விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் ரூபாய்கள், அத்தனையும் துளை போட்டவை அல்லது வளையம் பற்றவைத்தவை. நல்ல ரூபாய்கள் கண்ணாடிக்குக் கீழே தனித்தனி உறையில் இருக்கும். டின்னில் இருப்பதற்கு வருடம் பார்ப்பதுகூட இல்லை, நிறுத்துதான் விலை. ஒரு ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. தேய்மானம் போக மிச்சத்துக்குக் கணக்கு.

"இதெல்லாம் எங்கண்ணே போகும்?"

"உருக்கத்தான் தம்பி. ஓட்டைக் காசை எவன் வாங்குறான்? வெள்ளி ஏறுச்சுன்னா டின்னு காலி."

அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் பிழைப்பு அது. ஆனால் அந்த டின் காலியாவது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. பிடிக்காத காசை ஒதுக்கி வைத்தால் அது ஓரமாகக் கிடக்கும் என்றுதான் நினைக்கிறோம். வெள்ளிக்கு அந்த வாய்ப்பு கிடையாது, ஒதுக்கினால் உலைக்குப் போகும். இன்னும் நூறு வருடம் கழித்து எஞ்சியிருக்கும் விக்டோரியா ரூபாய்களைப் பார்ப்பவருக்கு, அவை பெட்டியில் வைக்க மட்டுமே அடிக்கப்பட்டவை என்று தோன்றக்கூடும். கழுத்தில் கிடந்தவை ஒன்றும் மிஞ்சியிருக்காது.

பழையவை மிஞ்சியிருக்கின்றன, அதனால்தான் இதைச் சொல்ல முடிகிறது. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் ஒரு புதையல் கிடைத்தது, 501 ரோமப் பொற்காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. ஏன் வெட்டினார்கள் என்பதற்கு அறிஞர்கள் பல விளக்கம் சொல்கிறார்கள். வெட்டு இல்லாமல் போயிருந்தால் அது ரோமாபுரியின் காசு, அவ்வளவுதான். இந்த மண்ணில் யாரோ அதை வைத்து ஒரு முடிவெடுத்தார்கள் என்பதற்கு இருக்கும் ஒரே தடயம் அந்தச் சேதம். தென்னிந்தியாவில் கிடைத்த வேறு ரோமப் பொற்காசுகள் பலவற்றில் இரண்டு துளைகள் பக்கம் பக்கமாக இருக்கும், பேரரசர் தலைக்கு நேர் மேலே. ஒற்றைத் துளையில் நூல் கோத்தால் காசு திரும்பிக்கொள்ளும். இரண்டு இருந்தால் முகம் முன்பக்கமே நிற்கும்.

அன்றைக்கு அந்த டின்னிலிருந்து ஆறு ரூபாய்களை நிறைக்கு வாங்கி வந்தேன். உறையில் போடவில்லை. ஒன்று 1862ஆம் வருடத்தது. ராணியின் கிரீடத்துக்குச் சரியாக மேலே துளை போட்டிருக்கிறார்கள், அதாவது முகம் நிமிர்ந்து தொங்க வேண்டும் என்று யாரோ ஆசாரியிடம் சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்றில் அந்த யோசனையே இல்லை, துளை கன்னத்துக்குப் பக்கத்தில் எங்கோ. அதில் ஜார்ஜ் மன்னர் படுத்தவாக்கில்தான் தொங்கியிருப்பார். ஆறில் நான்கில் துளை வட்டமாக இல்லை. நூலோ கம்பியோ உரசி உரசி, விளிம்புப் பக்கமாக இழுபட்டு நீண்டிருக்கிறது. பின்பக்கம், உடம்போடு ஒட்டிக் கிடந்த பக்கம், முன்பக்கத்தைவிட வழவழப்பு. நகத்தை வைத்துத் தடவினால் எழுத்து தட்டுப்படவில்லை.