கிசும்பும் கலகமும்

நம் காயத்தைச் சொல்லி நாமே சிரிக்கலாமா? சிரிக்கலாம் என்றால், யாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சிரிப்பது? 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் இசைத்தொகுப்பான 'மகிழ்ச்சி' (2018) பற்றி நம் தோழர்களோடு எப்போது பேசினாலும் பேச்சு இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறது.

பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். 2018 ஜனவரி 6இல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 19 பேர் கோட்டு சூட்டோடு மேடையேறினார்கள். பறையும் சட்டியும் கிதாரும் டிரம்ஸும் ஒரே மேடையில். கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. இடஒதுக்கீட்டை ஏளனம் பேசுகிறவர்களைத் திருப்பி ஏளனம் செய்யும் 'கோட்டா' பாட்டுக்குக் கூட்டம் எழுந்து ஆடியது.

அந்த ஆட்டம்தான் சிக்கல். "சாவு விழுற ஊர்ல நின்னுக்கிட்டு என்னப்பா கூத்து?" என்றார் விருதுநகரில் ஒரு மூத்த தோழர். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து 30க்கும் மேற்பட்டோர் கருகிப்போன மண் இது. ஆனால் கானாவே சாவு வீட்டில் வளர்ந்த பாட்டுதானே. பிணத்தைக் கிடத்திவைத்து விடிய விடியப் பாடியவர்களுக்குத் துக்கமும் நக்கலும் இரண்டு வீட்டுச் சரக்கல்ல. சிரித்தால் கோபம் தணிந்துபோகும் என்பது, சிரிக்க வேறு நேரம் வாய்த்தவர்களின் கணக்கு.

எங்கள் ஊர்ப்பக்கம் இதற்குக் கிசும்பு என்று பேர். வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா, 'கருக்கு' எழுதி நான்கு வருடம் கழித்து, 1996இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்புக்கு 'கிசும்புக்காரன்' என்றே பெயர் வைத்தார். ஆண்டையை நேரே திட்ட முடியாதவன் அவரை அளவுக்கு மீறிப் புகழ்வான். கேட்கிறவனுக்குப் புரியும், ஆண்டைக்குப் புரியாது. புரிந்தாலும் அடிக்கக் காரணம் கிடைக்காது. ஆங்கிலப் புத்தகத்தில் தேடி 'எதிர்க்கலாச்சாரம்' என்று நாம் எழுதுவதைக் களைவெட்டுகிற கிழவி போகிறபோக்கில் செய்துவிடுவாள்.

ஆனால் கிசும்புக்கும் ஒரு எல்லை உண்டு. பட்டாசு ஆலையில் வேலைபார்க்கும் அக்கா ஒருவர், எத்தனை கழுவினாலும் போகாத மருந்துக் கையைக் காட்டிச் சொன்னார்: "எங்க வயித்துக்குள்ள தெனமும் தீவாளிதான் தம்பி." கேட்டுக்கொண்டிருந்த போர்மேனும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். அன்றைக்கும் கூலியில் பிடித்தம் உண்டு. அடக்குகிறவனும் சேர்ந்து சிரிக்க முடிகிற சிரிப்பு நம்மை உயிரோடு வைத்திருக்கும். அவனை ஒன்றும் செய்யாது.

'கோட்டா'வை நான் மதிப்பது இதனால்தான். அதில் மறைப்பு இல்லை. பேரைச் சொல்லி, மைக்கைப் பிடித்து, முகத்தைக் காட்டிச் செய்கிற கிசும்பு அது. கேட்கிறவர்களில் ஒரு பகுதிக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோகிறது. பேருந்தில் சத்தமாகப் போட்டுப் பாருங்கள், யார் யார் ஜன்னல் பக்கம் திரும்புகிறார்கள் என்று தெரியும். (மேல்தட்டு இசை ரசிகர்கள் 'புதுமையான ஒலி' என்று மட்டும் பாராட்டிவிட்டு நகர்வதும் ஒருவகையில் ஜன்னல் பக்கம் திரும்புவதே.)

குறையும் உண்டு. பாட்டு முழுக்கச் சென்னை வாடை. அந்த அக்காவுக்கு என் போனில் போட்டுக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். இரண்டாவது தடவையும் போடச் சொன்னார். பிறகு, "நல்லாத்தான் ஏசுறாக. நம்ம மருந்து ரூமப் பத்தி ஒண்ணுமில்லையா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப நீ எழுது, எம்.ஏ. படிச்சிருக்கீல்ல" என்று சொல்லிவிட்டு வேன் ஏறப் போய்விட்டார்.