கணக்கிட்டு வந்த படம்: காண்டலா, கருதலா?

2019 ஏப்ரல் 10 அன்று வெளியான எம் 87 விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் படம் எந்த ஒரு கேமராவிலும் பதிவானதன்று. 5.5 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் அக்கருந்துளையைச் சூழ்ந்துள்ள ஒளி வளையத்தை 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் பிரித்தறிய, ஏறக்குறைய பூமியளவு அகலமுள்ள தொலைநோக்கி வேண்டும். அப்படியொன்றைக் கட்ட முடியாது. அதனால் 2017 ஏப்ரலில் ஹவாய், அரிசோனா, மெக்சிகோ, சிலி, ஸ்பெயின் ஆகிய இடங்களின் ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் அதை நோக்கித் திருப்பப்பட்டன. அணுக்கடிகார நேரத்தோடு பதிவான அலைகள் ஹார்ட் டிஸ்க்குகளில் விமானமேறி அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் போயின. அங்கே கணினிகள் அவற்றை இணையிணையாகப் பொருத்தின.

இப்படிக் கிடைத்தவை படத்தின் சில கூறுகளே. விடுபட்டவை ஏராளம்; அதே அளவீடுகளுக்குப் பொருந்தக்கூடிய படங்களோ எண்ணற்றவை. அவற்றில் ஒன்றைத் தேர, படம் எப்படி இருக்கக்கூடும் என்ற முன்கருத்து தேவை. அப்படியானால் வந்த வளையம் கண்டதா, கருதியதா?

இப்படி அறியும் வழிகளைப் பிரித்துப் பார்க்கும் சைவ சித்தாந்தம் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (உய்த்தறிவது), உரை (நம்பத்தக்கோர் சொல்) என மூன்று அளவைகளைக் கொள்கிறது. புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதல். அதற்கு, புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதை முன்பே அடுக்களையில் கண்டிருக்க வேண்டும். கருந்துளையின் வளையத்தை முன்பு கண்டவர் எவருமில்லை. கோட்பாடு சொன்ன வளையத்தையே முன்கருத்தாகக் கொடுத்தால், கணினி அதையே திருப்பித் தரும். அதை அறிவென்று கொள்ள முடியாது.

ஆய்வாளர்கள் இந்த ஆபத்தை உணர்ந்து நடந்ததே அப்பணியின் பெருமை. நான்கு குழுக்கள் தமக்குள் கலந்து பேசாமல் தனித்தனியே படம் அமைத்தன. நான்கிலும் வளையம் வந்தது, தென்புறம் கூடுதல் ஒளியோடு. பிறகு வளையம், பிறை, நடுவில் துளையே இல்லாத தட்டு, இரட்டைப் புள்ளி ஆகியவற்றுக்குச் செயற்கைத் தரவு உருவாக்கி வழிமுறைகளைச் சோதித்தனர். தட்டைத் தட்டாகவே மீட்டுத் தராத வழிமுறை வளையத்துக்குச் சாட்சியாக முடியாதல்லவா?

ஆகவே அந்தப் படம் சோதனையில் தேறிய கருதல். அதன் ஆரஞ்சு நிறம்கூட ஆய்வாளர் தேர்ந்ததே. ரேடியோ அலைக்கு நிறம் கிடையாது. கருதல் என்று ஒப்புக்கொள்வதால் படத்தின் மதிப்பு குறைவதில்லை. மறுவிசாரணைக்கு வாசல் திறக்கிறது. 2022இல் ஜப்பானிய ஆய்வாளர் சிலர் அதே தரவிலிருந்து வளையமற்ற படம் வருவதாக எழுதினர். முதலில் படத்தை வெளியிட்ட குழு அதை மறுத்தது. கிரீன்லாந்துத் தொலைநோக்கியும் சேர்ந்து 2018இல் திரட்டிய தரவின் படம் 2024இல் வெளியானது. வளையத்தின் அளவு மாறவில்லை. ஒளிமிகுந்த பகுதி மட்டும் சுமார் 30 பாகை நகர்ந்திருந்தது.