கடுமை எப்போது அறமாகும்?

ஒரு சமுதாயம் யாரை வீரனாகப் போற்றுகின்றது என்பதை நோக்கின், அது எதற்கு அஞ்சுகின்றது என்பதும் புலப்படும். 1957 முதல் 1966 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் இடம்பெற்ற ‘பெரி மேசன்’ தொடரிலே எதிரிக்காக வாதாடிய சட்டத்தரணியே வீரன். வழக்குத் தொடுநர் பெரும்பாலும் தோல்வியே கண்டார். 1990 இல் தொடங்கிய ‘லோ அன்ட் ஓடர்’ தொடரிலே இந்நிலை மாறிற்று. அவ்வாண்டில் நியூயோர்க் நகரில் மட்டும் 2000 இற்கு மேற்பட்ட கொலைகள் நிகழ்ந்தன. அச்சமுற்ற மக்கள் குற்றவாளியை விடாது துரத்தும் ஒருவரை வேண்டி நின்றனர். 1994 முதல் சாம் வோட்டர்ஸ்டன் நடித்த ஜாக் மக்கோய் என்னும் வழக்குத் தொடுநர் அந்த வேட்கையின் வடிவம் எனலாம்.

மக்கோயை ஆளும் வர்க்கத்தின் வெறும் ஏவலாளர் எனத் தள்ளிவிடுதல் நியாயமாகாது. செல்வரையும் செல்வாக்குடையோரையும் கூண்டிலேற்ற அவர் தயங்குவதில்லை. நம்மைப் போன்றோரையும் அவர் கவர்வது இதனாலேயே. ஆயினும் வெற்றிக்காகச் சட்டத்தை அவர் வளைக்கும் வேளைகளும் உண்டு. 1997–98 பருவத்தின் கதையொன்றில், குடிபோதையில் வாகனமோட்டி உயிர்ப்பலி விளைத்தவன்மீது கொலைக்குற்றம் சுமத்துகின்றார். போதை நிரூபணமாயின், கொல்லும் எண்ணம் இருந்ததென நிறுவுதல் அரிதாகும். ஆகவே அதனைக் காட்டும் சான்றை மறைக்க முற்படுகின்றார். அவருடைய உதவியாளரும் அன்புக்குரியவருமான கிளயர் கின்கெய்ட் முன்னைய கதையொன்றில் இத்தகைய சாரதி ஒருவனாலேயே உயிரிழந்திருந்தார். இறுதியில் மக்கோய் தம் செயலின் தன்மையை உணர்ந்து பின்வாங்குகின்றார்.

இத்தகைய கடுமையை நாம் ஏன் மன்னிக்கின்றோம்? எதிரி குற்றவாளியே என்பதைக் கதை நமக்கு உணர்த்திவிடுவதனால் மன்னிக்கின்றோம். அந்த அறிவு கதாசிரியர் நமக்கு அளித்த வரம். உண்மையான நீதிமன்றத்திலே அவ்வரம் எவருக்கும் கிட்டுவதில்லை.

மக்கோய் வாதாடும் அதே மன்ஹற்றனில், 1989 இல் சென்றல் பார்க்கில் ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டார். 14 முதல் 16 வயது வரையிலான, கறுப்பு, லத்தீன் அமெரிக்க இனங்களைச் சேர்ந்த ஐந்து சிறுவர்கள் பிடிபட்டனர். சம்பவ இடத்தில் கிடைத்த மரபணுச் சான்று அவர்களில் எவருடனும் பொருந்தவில்லை. எனினும் நீண்ட விசாரணையிலே பொலிசார் பெற்ற வாக்குமூலங்களைக் கொண்டு, 1990 இல் அவர்கள் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 2002 இல் வேறொருவன் குற்றத்தை ஏற்றுக்கொண்டான். மரபணுவும் அவனுடையதாகவே இருந்தது. தீர்ப்புகள் நீக்கப்பட்டன. 2014 இல் நகர நிர்வாகம் ஏறத்தாழ 4 கோடியே 10 இலட்சம் டொலர் கொடுக்க இணங்கிற்று. இழந்த இளமையை எந்தத் தொகை மீட்டுத்தரும்? வழக்கை நடத்தியோர் தாம் நீதிக்கே உழைப்பதாக நம்பியிருக்கவும் கூடும். அந்த உறுதியான நம்பிக்கையே நாம் அஞ்சவேண்டியது.

மற்றொன்றையும் நாம் மறந்துவிடலாகாது. நாடகத்தில் நாம் காணும் விறுவிறுப்பான விசாரணை அந்நாட்டிலே அபூர்வமானது. கூட்டாட்சி நீதிமன்றங்களில் 97 வீதமான, மாநில நீதிமன்றங்களில் 94 வீதமான குற்றத்தீர்ப்புகள் எதிரியே குற்றத்தை ஒப்புக்கொள்வதனால் அமைவன என்பதை 2012 இல் அமெரிக்க உயர் நீதிமன்றமே சுட்டிக்காட்டிற்று. பிணைப்பணம் கட்ட வகையற்ற ஏழை, நீண்ட சிறைவாசத்துக்கு அஞ்சிக் குறைந்த தண்டனைக்கு இணங்குகின்றான். அவன் குற்றமற்றவனாகவும் இருக்கலாம். அங்கே வழக்குத் தொடுநரின் கடுமையைக் காணப் பார்வையாளர் எவருமில்லை.

வழக்கில் வெல்வதன்று, நீதி நிலைபெறச் செய்வதே வழக்குத் தொடுநரின் கடன் என 1935 இலேயே அந்நீதிமன்றம் உரைத்தது. எதிரிக்குச் சாதகமான சான்றை மறைத்தலாகாது என 1963 இல் விதித்தது. ஆனால் 1976 இல், வழக்கு நடத்துகையிற் புரிந்த செயல்களுக்காக வழக்குத் தொடுநர்மீது பாதிக்கப்பட்டவர் நட்டஈடு கோர இயலாதெனவும் தீர்த்தது. கடமையை வகுத்த கையே அதனை மீறியோர்க்குக் காப்பும் அளித்தது!

கடுமை வேண்டாமென்பது நம் கருத்தன்று. வலியோர் தப்பிச்செல்லும் உலகில் அது இன்றியமையாதது. ஆயினும், தன் வழக்கையே முறிக்கும் சான்றை எதிர்த்தரப்பிடம் கையளிக்கும் வேளையிலேதான் வழக்குத் தொடுநரின் மனவுறுதி சோதிக்கப்படுகின்றது. தன்மீது கடுமை காட்டாதவன் பிறர்மீது காட்டும் கடுமை, அறத்தின் பெயரால் நிகழும் அதிகாரமே. அதனைத் தனிமனிதரின் நல்லுள்ளத்துக்கு விட்டுவிடாது, சட்டத்தாலும் விழிப்புற்ற மக்களாலும் கட்டுப்படுத்துதல் வேண்டும்.