வெறுங்கையோடு ஒரு காவலர்

கதை எழுதுகிறவனுக்குத் துப்பாக்கி மிகவும் வசதியான பொருள். கதை தொய்ந்துபோகும் இடத்தில் ஓர் இன்ஸ்பெக்டரைக் கைத்துப்பாக்கியோடு நுழைத்துவிட்டால் போதும். வாசகர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, "லண்டன் தெருவில் ரோந்து வரும் போலீஸ்காரரிடம் துப்பாக்கி இல்லையாமே! திருடன் எப்படிப் பயப்படுவான்?" என்று நண்பர் ஒருவர் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை.

1829-ல் ராபர்ட் பீல் லண்டன் போலீஸை அமைத்தார். வீதியில் பட்டாளம் நடமாடுவதை அவ்வூர் மக்கள் வெறுத்தார்கள். ஆகவே போலீஸ்காரருக்கு நீல உடுப்பும் ஒரு தடியும் கொடுத்து அனுப்பினார்கள். இன்றும் அங்கே பெரும்பாலோர் துப்பாக்கியின்றியே ரோந்து போகிறார்கள். தனிப் பயிற்சி பெற்றவர்களிடம் மட்டுமே அது இருக்கிறது.

இதைக் கேட்டு, 'ஆகா, என்ன பெருந்தன்மை!' என்று உருகிவிட வேண்டியதில்லை. அதே ஆட்சியாளர்கள் அயர்லாந்தில் ஆயுதம் தாங்கிய போலீஸை வைத்தார்கள். 1843-ல் சிந்துவைக் கைப்பற்றியதும் அங்கே அயர்லாந்து முறையையே பின்பற்றினார்கள். அது இந்தியாவின் பிற பகுதிகளுக்கும் முன்மாதிரியாயிற்று. தன் மக்களுக்குத் தடி, அடக்கி ஆண்ட மக்களுக்குத் துப்பாக்கி! காவலர் கையில் இருப்பதைப் பார்த்தே, ஆள்கிறவன் நம்மை யாராக நினைக்கிறான் என்று தெரிந்துகொள்ளலாம்.

"அதெல்லாம் சரி. உங்கள் பிள்ளை போலீஸில் சேர்ந்தால் வெறுங்கையோடு அனுப்புவீர்களா?" என்றார் நண்பர்.

நெஞ்சில் தைத்தது. 2012-ல் மான்செஸ்டர் அருகே, திருட்டு நடந்ததாக வந்த பொய்த் தகவலை நம்பிப் போன இரு பெண் போலீஸார் கொல்லப்பட்டார்கள். இருவரிடமும் துப்பாக்கி இல்லை. பெற்றவர்களிடம் போய்த் தத்துவம் பேச யாருக்கு வாய் வரும்?

ஆனால், 2005-ல் நடந்ததையும் நினைக்க வேண்டும். லண்டனில் வெடிகுண்டுப் பீதி நிலவிய நாட்கள் அவை. ரயிலில் அமர்ந்திருந்த பிரேசில் நாட்டு எலெக்ட்ரீஷியன் ஒருவரைப் பயங்கரவாதி என்று எண்ணிப் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். அவர் ஒரு குற்றமும் அறியாதவர். தடியால் அடித்த தவறுக்கு மன்னிப்புக் கேட்கலாம். மன்னிக்க ஆள் இருப்பான்.

ஆக, துப்பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆபத்து நீங்குவதில்லை. யார் அதைச் சுமப்பது என்பதுதான் கேள்வி. 2006-ல் இங்கிலாந்து, வேல்ஸ் போலீஸார் சங்கம் தன் உறுப்பினர்களையே கேட்டது. முந்தைய மூன்று ஆண்டுகளில் உயிருக்கே ஆபத்து நேர்ந்ததாகச் சுமார் பாதிப் பேர் சொன்னார்கள். அப்படியும், எல்லோருக்கும் துப்பாக்கி வேண்டாம் என்றவர்கள் 82 சதவீதம்! 2017-ல் வேண்டும் என்போர் மூன்றில் ஒரு பங்காக வளர்ந்தார்கள், பெரும்பான்மையாகவில்லை.

சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, 'துப்பாக்கி எதற்கு?' என்று நான் கேட்பது செலவில்லாத பேச்சு. நள்ளிரவில் முன்பின் தெரியாத கதவைத் தட்டப் போகிறவர் அதைச் சொல்லும்போது நான் கைகூப்ப வேண்டியிருக்கிறது.

என் பிள்ளையை அப்படி அனுப்ப எனக்குத் துணிவு உண்டா? இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால், என் வீட்டுக் கதவைத் தட்டும் போலீஸ்காரர் மட்டும் வெறுங்கையோடு வரவேண்டும் என்று விரும்புகிறேன். அவரும் யாரோ ஒருவர் பெற்ற பிள்ளை என்பதை மறந்துவிட்டு விரும்பினால், அது அறமல்ல, சுயநலம்.