விடுதலையின் விலை

1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே, அடிமைச் சிறுமியர் சிலர் லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்துத் தம்மைத் தாமே மீட்டுக்கொண்டனர். சாத்திர நூல் மறுத்த விடுதலையைப் பின்னல் நூல் அளித்தது!

அப்படியானால், உழைப்புத்தான் விடுதலையா? முந்திரி 'அண்டி ஆபீசுக்கு'ள் நுழைந்து பார்ப்போம். தோட்டின் பால் பட்டு விரல் கருகப் பருப்பெடுப்பவள் பெண், ஆலை அவளுடையதா? நாஞ்சில் வயலில் நாற்று நட்டவள் பெண். பட்டா யார் பெயரில்? உழைப்பு அவளுக்கு என்றுமே மறுக்கப்பட்டதில்லை, மறுக்கப்பட்டது உடைமை! கூலியோடு நின்றுவிட்ட வளர்ச்சி, ஆலை மூடப்பட்டால் சரிந்துவிடும். உடைமையில் ஊன்றிய வளர்ச்சியே நிலைக்கும்.

1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டது. 60 ஆண்டுகள் கழித்து, 1989இல், கலைஞர் ஆட்சி இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்களித்தது. நடுவணரசு 2005இல்தான் விழித்தது.

சட்டம் வந்துவிட்டது, நாம் திருந்தினோமா? "நகை போட்டோம், சீர் செய்தோம்" என்று கூறித் தங்கையிடம் கையெழுத்து வாங்குகிறோமே, அந்தத் தாளுக்குப் பெயர் என்ன? விடுதலைப் பத்திரம்! அன்று அடிமைப்பெண் உழைத்து விடுதலை வாங்கினாள். இன்று விடுதலையின் பெயரால் அவள் உரிமையை நாம் வாங்குகிறோம். மேடையில் பெண்ணுரிமை பேசுமுன், நம் வீட்டுப் பத்திரத்தைப் படிப்போம்!