உம் கொட்ட ஒருவர்

ஃபேண்டசி நாவல் எழுதுவதில் மற்ற நாவல்களுக்கு இல்லாத ஒரு சிரமம் இருக்கிறது. மதுரையில் நடக்கும் கதையை எழுதுகிறவர் ஒரு மாதம் எழுதாமல் விட்டாலும் மதுரை அங்கேயே இருக்கும். மாசி வீதிகளில் ஒரு நடை போய்வந்து, விட்ட இடத்தில் தொடங்கிவிடலாம். இல்லாத நாடு ஒன்றை எழுதுகிறவருக்கு அந்த ஆறுதல் கிடையாது. அந்த நாட்டின் ஆறுகள், அரச வம்சங்கள், அங்கே பேசும் மொழி எல்லாமே ஒரே ஒரு மனிதரின் நம்பிக்கையில் நிற்கின்றன. அந்த நம்பிக்கை ஒரு நாள் தளர்ந்தால் போதும், கோட்டை வெறும் அட்டையாகத் தெரியும். கெடு நெருங்கும் காலத்தில் இந்தத் தளர்ச்சி இன்னும் கொடியது. இன்னும் இத்தனை அத்தியாயம் பாக்கி என்ற பயத்தையாவது உழைத்துத் தீர்க்கலாம். இதையெல்லாம் யார் நம்பப்போகிறார்கள் என்ற பயம் கையையே நிறுத்திவிடுகிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் மருந்து தினசரிக் கணக்கு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். டெர்ரி பிராட்செட் இங்கிலாந்தின் மின் உற்பத்தி வாரியத்தில் பத்திரிகைத் தொடர்பு அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே டிஸ்க்வேர்ல்ட் வரிசையின் முதல் நாவல்களை எழுதியவர். இரவுக்கு 400 சொற்கள் என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட விதி. நாவல் முடிந்த இரவில் கணக்குக்கு இன்னும் 100 சொல் குறைந்ததால், புதுத் தாளைச் செருகி அடுத்த நாவலைத் தொடங்கிவிட்டார் என்று அவருடைய நண்பர் நீல் கெய்மன் சொல்லியிருக்கிறார். வணங்கத்தக்க ஒழுக்கம். ஒரு மாதத்துக்குள் 50,000 சொற்கள் என்று 1999இல் அமெரிக்காவில் தொடங்கிய நானோரைமோ என்ற நாவல் எழுதும் இயக்கமும் இதே வழிதான். நாளுக்கு 1,667 சொல் வருகிறது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் காப்பிக்கடைகளிலும் நூலகங்களிலும் கூடி உட்கார்ந்து எழுதினார்கள். வெறும் எண்ணே போதுமென்றால் வீட்டிலேயே எழுதியிருக்கலாமே. எண் கையை நகர்த்தும். தளர்ந்த நம்பிக்கையை நிமிர்த்த அதற்கு வலு இல்லை.

நிமிர்த்துவது எது என்பதை ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் வாழ்க்கையில் தெளிவாகப் பார்க்கலாம். 'தி ஹாபிட்' 1937 செப்டம்பரில் வெளிவந்து நன்றாக விற்றதும், பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் ஹாபிட்டுகள் என்ற அந்தச் சின்ன மனிதர்களைப் பற்றி இன்னொரு புத்தகம் கேட்டார். அந்த டிசம்பரிலேயே முதல் அத்தியாயம் தயார். அதன் பிறகு, பின்னாளில் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' ஆன அந்தக் கதை, பதிப்பாளர் நினைத்த பாதையிலும் போகவில்லை, எழுதியவர் நினைத்த பாதையிலும் போகவில்லை. கதையில் ஒரு விடுதியின் மூலையில் உட்கார்ந்திருந்த நாடோடி யார் என்று டோல்கீனுக்கே தெரியாது. தொடக்கப் படிகளில் அவன் மரக் காலணி போட்ட ஒரு ஹாபிட். பின்னால் முடிசூடப்போகும் அரகார்ன் அவன்தான் என்பது எழுத எழுதத்தான் அவருக்குப் புலப்பட்டது. நடுவில் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் வேலை, உலகப் போர், காகிதத் தட்டுப்பாடு. தேர்வுத் தாள்களின் பின்பக்கங்களில்கூட எழுதினார். கதையின் பயணிகள் மோரியா சுரங்கத்தில் பாலின் என்பவரின் கல்லறைக்கு முன்னால் வந்ததும் கதை ஏறத்தாழ ஓராண்டு நின்றுபோயிற்று. பயணிகள் இருட்டில் நின்றார்கள். எழுதியவரும் அவர்களோடு நின்றார்.

பதிப்பாளருக்கு அவர் எழுதிய கடிதங்களைப் பார்த்தால் தாமதத்துக்கான சமாதானங்கள் வந்துகொண்டே இருக்கும். கெடு அவருக்குக் கொடுத்தது பெரும்பாலும் குற்ற உணர்வுதான். கதையை நகர்த்தியது வேறு. மாக்டலன் கல்லூரியில் சி.எஸ். லூயிஸின் அறையில் வியாழக்கிழமை இரவுகளில் கூடிய நண்பர்கள் தாங்கள் எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக்காட்டுவார்கள். புதிய அத்தியாயம் எங்கே என்று லூயிஸ் விடாமல் கேட்பவர். பல ஆண்டுகள் கழித்து டோல்கீன் இந்தக் கடனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்: லூயிஸின் எழுத்து தன்னைப் பாதிக்கவில்லை, அவர் தந்த ஊக்கம்தான் பெரிது, தான் எழுதுவது சொந்தப் பொழுதுபோக்குக்கு மேல் ஏதாவது ஆகக்கூடும் என்ற எண்ணமே அவரிடமிருந்துதான் வந்தது என்று.

1944இல் கதை மறுபடி தேங்கியிருந்தது. அந்த ஏப்ரலில், ஹாபிட்டுகளான ஃப்ரோடோவும் அவன் பணியாள் சாமும் மோர்டோர் நாட்டை நோக்கி நடக்கும் பகுதியை டோல்கீன் கையில் எடுத்தார். மகன் கிறிஸ்டோபர் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தான். முடிந்த அத்தியாயங்கள் மகனுக்குத் தபாலில் போயின. ஷெலாப் என்ற பெருஞ்சிலந்தியின் குகையையும், எஜமானன் இறந்துவிட்டான் என்று நம்பி சாம் தவிப்பதையும் லூயிஸுக்கு வாசித்துக்காட்டியபோது அவர் கண்கலங்கியதை மே மாதக் கடிதத்தில் மகனுக்கு எழுதினார். எனக்கு இந்த நாவலின் வரலாற்றிலேயே மிக நெருக்கமான இடம் இதுதான். போர்க்காலத்தில் ஒரு தகப்பன், கடல் கடந்த மகனுக்காக இரண்டு சின்ன மனிதர்களை இருட்டுக்குள் நடத்திக்கொண்டு போகிறார். அங்கே காத்திருந்தது நாள்காட்டியா? பெற்ற பிள்ளை.

புத்தகம் முடிந்து 1954இலும் 1955இலும் மூன்று பாகங்களாக வெளிவந்தது. பத்து வயதில் 'தி ஹாபிட்'டின் கையெழுத்துப் படியைப் படித்து, வெளியிடலாம் என்று அறிக்கை எழுதி ஒரு ஷில்லிங் கூலி வாங்கிய பையன் ரேனர் அன்வின், ஸ்டான்லியின் மகன். வளர்ந்து தகப்பனாரின் பதிப்பகத்தில் சேர்ந்த அவர்தான், 1,000 பவுண்டு நஷ்டம் வரலாம் என்று தெரிந்தும், இந்த நாவலை வெளியிடப் பரிந்துரைத்தார். அவரும் ஒரு காலத்தில் அடுத்த கதைக்காகக் காத்திருந்த சிறுவன்தான்.

அப்படியானால் உலகமே காத்திருந்தால் எழுத்து இன்னும் வேகமாக வருமா? வருவதில்லை. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் பெருங்கதையில் ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது. ஆறாம் பாகத்துக்குப் பதிப்பாளர்களோடு பேசி வைத்த இரண்டு கெடுக்கள் 2015இன் கடைசி மாதங்களில் தவறிப்போயின. 2016 ஜனவரியில் அதைத் தன் வாசகர்களுக்கு அவரே வருத்தத்தோடு எழுதினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோடிப் பேர் காத்திருக்கும்போது அது கூட்டத்தின் இரைச்சலாகத்தான் காதில் விழும். எந்தக் கண் கலங்கியது, எந்த முகம் மலர்ந்தது என்று அந்தத் தூரத்தில் தெரியாது.

டோல்கீனின் 'லீஃப் பை நிகில்' என்ற சிறுகதையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெரிய நாவல் முடியாமலே போய்விடும் என்ற அச்சத்திலிருந்து பிறந்த கதை அது, 1945இல் வெளியானது. நிகில் ஓர் ஓவியன். காற்றில் ஆடும் ஓர் இலையை வரையத் தொடங்குகிறான், அது மரமாகி, மரத்துக்குப் பின்னால் ஒரு நாடே விரிகிறது. ஆனால் அவன் நீண்ட பயணம் ஒன்று போயாக வேண்டும். தப்பிக்க முடியாத கெடு. பக்கத்து வீட்டு பாரிஷ், படத்தை மதிக்கத் தெரியாத நொண்டி மனிதர், உதவி கேட்டு வந்துகொண்டே இருக்கிறார். அவர் மனைவிக்காக மழையில் சைக்கிள் மிதித்துப் போய் நிகில் காய்ச்சலில் விழுகிறான். படம் முடிவதற்குள் வண்டி வந்துவிடுகிறது. வெகுகாலம் கழித்து வேறோர் இடத்தில் அந்த மரம் உயிரோடு நிற்பதை அவன் பார்க்கிறான். அதன் மிக அழகான இலைகளில் சில, பாரிஷும் சேர்ந்து உருவாக்கியவை என்று அப்போதுதான் தெரிகிறது.

நேரத்தைத் தின்றவர் என்று நாம் எண்ணிய மனிதரும் படைப்பில் பங்காளி. கட்டிய உலகத்தை ஒருவர் மட்டும் தாங்கும்வரை அது கனவு. இன்னொருவர் அதற்குள் கால் வைத்ததும் அது நாடாகிறது. ஊக்கம் என்று நாம் தேடி அலைவது இந்த இரண்டாவது ஆளைத்தான் என்று நான் நம்புகிறேன்.

நம் வீடுகளில் கதை சொல்லும் பாட்டிகள் இதை அறிந்திருந்தார்கள். கேட்கிற பிள்ளை 'உம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்த அரக்கன் அந்த 'உம்'மில்தான் உயிரோடிருந்தான். ஜெயமோகன் 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலைவரை 26 நாவல்களாக 'வெண்முரசு' எழுதியபோது, அது நாள்தோறும் ஓர் அத்தியாயமாக இணையத்தில் வெளிவந்தது. கூடவே வாசகர் கடிதங்களும் வந்துகொண்டிருந்தன. அந்த உழைப்பின் முழுப் புகழும் எழுதியவருக்கே உரியது. ஆனால் அங்கேயும் உம் கொட்ட ஆள் இருந்தது.

எழுதிக்கொண்டிருப்பவருக்கு நான் சொல்வது இது: இன்று முடித்த அத்தியாயத்தை, பிழைகளோடேயே, நீங்கள் நம்பும் ஒருவருக்கு இன்றைக்கே வாசித்துக்காட்டுங்கள். உங்கள் வீட்டிலோ நட்பிலோ யாராவது இல்லாத நாட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தால், எத்தனை பக்கம் ஆயிற்று, எப்போது முடியும் என்று கேட்காதீர்கள். அப்புறம் என்ன ஆச்சு என்று கேளுங்கள்.